வீட்டுக் காப்பீடு: வங்கி கொடுத்தது போதுமா, பாரத் கிருஹ ரக்ஷாவா, பேக்கேஜா?

வீட்டுக் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பிரீமியத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான்கு கம்பெனிகளின் விலையை வரிசையாக வைத்து, குறைவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டடத்தைப் பொறுத்தவரை அதில் பெரிய தவறு இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான அடிப்படைப் பாலிசியின் (பாரத் கிருஹ ரக்ஷா) வாசகத்தை, காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரே மாதிரியாக வகுத்துவிட்டது. எந்தப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியிடம் வாங்கினாலும் தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் பற்றிய விதிகள் ஒன்றேதான். வித்தியாசம் எல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது: திருட்டு, நகை, மின்சாதனம், நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதம். ஒப்பிட உட்கார்ந்தால் நேரத்தை அங்கே செலவழிப்பதுதான் லாபம்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் வீட்டுக் காப்பீடு என்று தேடினால் வருவதில் பாதி அமெரிக்கப் பாலிசிகளைப் பற்றியது. அங்கே வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தனியாக வாங்க வேண்டும். சாதாரண வீட்டுப் பாலிசியில் அவை வராது. ஆனால் திருட்டு வரும். நம் ஊரில் நிலைமை கிட்டத்தட்ட தலைகீழ். வெள்ளமும் நிலநடுக்கமும் அடிப்படையிலேயே உண்டு, திருட்டுதான் தனி. அதைப் படித்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வங்கியில் கையெழுத்துப் போட்டது எது?

கடன் வாங்கும்போது "இன்சூரன்ஸும் சேர்த்தாச்சு சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த இன்சூரன்ஸ் இரண்டில் ஒன்றாக இருக்கும், இரண்டும் வெவ்வேறு ஜாதி.

முதலாவது, கடன் வாங்கியவரின் உயிர்மீதான காப்பீடு. அவர் இறந்தால் மீதிக் கடனை ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி அடைக்கும். வீட்டுக்கு இதில் ஒரு பைசாகூட இல்லை. வீடே வெள்ளத்தில் போனாலும், கடன் வாங்கியவர் நலமாக இருக்கும்வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தடவையில் வசூலித்து, கடன் தொகையோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறீர்கள் என்பது கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கடனை முன்கூட்டியே அடைக்கப் போகிறீர்கள் என்றால், மீதிக் காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிஜமாகவே கட்டடத்துக்கான காப்பீடு. இதில் பார்க்க வேண்டியது காப்புத் தொகை, அதாவது கம்பெனி அதிகபட்சம் தரக்கூடிய தொகை. பல நேரம் வங்கி தன் கடனுக்குச் சமமான தொகையைத்தான் போட்டிருக்கும். 70 லட்சத்துக்கு வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் கடன் என்று வையுங்கள். அந்த வீட்டின் கட்டுமானச் செலவு 22 லட்சம்தான் என்றால், 50 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டியும் 22 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. கம்பெனி கட்டித்தரும் செலவைத்தான் கொடுக்கும், நிலத்தின் விலையை அல்ல. மாறாக, பூர்வீக வீட்டின் மேல் ஒரு மாடி கட்ட 15 லட்சம் கடன் வாங்கி, காப்புத் தொகையையும் 15 லட்சமாக வைத்தால், முழு வீடும் சேர்ந்து 40 லட்சம் பெறும் கட்டடம் அந்தப் 15 லட்சத்தோடு நின்றுவிடும். இப்படிக் குறைத்துப் போடுவது, அதிகமாகப் போடுவதைவிட ஆபத்தான தவறு.

இந்தப் பாலிசியில் வங்கியின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கும். நஷ்டஈடு முதலில் வங்கிக்குப் போகும். மீதி இருந்தால்தான் உங்களுக்கு. கடன் முடிந்ததும் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த திருத்தத்துக்கான இணைப்புத் தாள்) வாங்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டைக் காப்பீடு செய்யச் சொல்ல வங்கிக்கு உரிமை உண்டு, ஆனால் எந்தக் கம்பெனியிடம் என்று கட்டாயப்படுத்த முடியாது. வெளியே வாங்கிய பாலிசியை, வங்கியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

பாரத் கிருஹ ரக்ஷா எதுவரை வரும்?

ஐஆர்டிஏஐ வகுத்த அடிப்படைப் பாலிசியின் பெயர் இதுதான். தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குவது, காட்டுத்தீ, வெளியிலிருந்து ஏதாவது வந்து மோதுவது (லாரியோ, சாய்ந்த மரமோ), கலவரம், வேண்டுமென்றே பிறர் செய்யும் சேதம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது அல்லது பொங்கி வழிவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்தாலும் இதற்குள் வந்துவிடும்.

'கட்டடம்' என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமல்ல. காம்பவுண்டு சுவர், கேட், கார் ஷெட், தாழ்வாரம், செப்டிக் டேங்க், நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, கூரையில் வைத்த சோலார் பேனல், சுவருக்குள் ஓடும் ஒயரிங் எல்லாம் கட்டடத்தின் பகுதியே. புயலில் முதலில் போவது காம்பவுண்டு சுவரும் சோலார் பேனலும்தான். காப்புத் தொகையைக் கணக்கிடும்போது அவற்றைத் தனியாகச் சேர்க்காமல் விட்டால், உள்ளே இடம் இருந்தும் பணம் போதாது.

வீட்டுச் சாமான்களுக்கு ஒரு வசதி உண்டு. கட்டடத்தைக் காப்பீடு செய்தாலே அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை சாமான்கள் தாமாகவே சேர்ந்துவிடும். பட்டியல் தர வேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் விவரம் எழுதிக் கொடுத்துக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வீடு குடியிருக்க முடியாமல் போனால், பழுது பார்த்து முடிக்கும்வரை மாற்று வீட்டு வாடகையும் (வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் இழந்த வாடகையும்) உண்டு; அதற்கு ஆர்க்கிடெக்ட் அல்லது உள்ளாட்சி அமைப்பின் சான்று கேட்பார்கள். இடிபாடுகளை அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம்வரையும், ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர் கட்டணத்துக்கு 5 சதவீதம்வரையும் சேர்த்துத் தருவார்கள்.

பழைய தீ பாலிசிகளைவிட இதில் உண்மையான முன்னேற்றம் ஒன்று உண்டு. முன்பு 30 லட்சம் பெறும் கட்டடத்தை 15 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கொடுப்பார்கள். பாதிதானே காப்பீடு செய்தாய், பாதி நஷ்டத்தை நீயே சும என்ற கணக்கு. பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. காப்புத் தொகைக்கு உட்பட்டு முழுச் சேதமும் கிடைக்கும். பேக்கேஜ் பாலிசியோ வேறு பெயரில் வரும் பாலிசியோ வாங்கும்போது, இந்தச் சலுகை அதில் எல்லாப் பிரிவுக்கும் இருக்கிறதா, கட்டடத்துக்கு மட்டும்தானா என்று கேட்க வேண்டும்.

எங்கே கை விரிப்பார்கள்?

திருட்டில் தொடங்கலாம். அடிப்படைப் பாலிசியில் சாதாரணக் கன்னக்கோல் திருட்டுக்கு இடமில்லை. மேலே சொன்ன நிகழ்வு ஏதாவது நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் வீட்டுக்குள்ளிருந்து திருடு போனால் மட்டும் உண்டு. வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறிய நான்காம் நாள் டிவி போய்விட்டது என்றால் கேட்கலாம். கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தார்கள் என்றால் கேட்க முடியாது.

அடுத்தது மின்சாதனங்கள். இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். மின்னல் பட்டியலில் இருக்கிறதே, மின்னலில் டிவி போனால் கிடைக்குமா? கிடைக்காது. ஷார்ட் சர்க்யூட், மிகை மின்னழுத்தம், தானே சூடேறுவது, மின்கசிவு ஆகியவற்றால் ஒரு மின்சாதனம் பழுதானால், காரணம் மின்னலாகவே இருந்தாலும், அந்தச் சாதனத்துக்கு மட்டும் காப்பு இல்லை என்று தனி விலக்கு இருக்கிறது. அதே நேரம் அந்த டிவியிலிருந்து தீப்பிடித்து அலமாரியும் திரைச்சீலையும் ஃபால்ஸ் சீலிங்கும் எரிந்தால், அவை எல்லாவற்றுக்கும் உண்டு. டிவி ஒன்றைத் தவிர. போர் மோட்டார் எரிவது, இன்வெர்ட்டர் போர்டு போவது, ஏசி கம்ப்ரஸர் நிற்பது எல்லாம் இந்த விலக்கில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது தண்ணீர். தெரு வெள்ளம் உள்ளே வந்தால் உண்டு. குழாய் வெடித்தால் உண்டு. மேல்நிலைத் தொட்டி பொங்கி வழிந்து கீழே சேதமானால் உண்டு. மொட்டை மாடித் தளத்தில் விரிசல் விட்டு மழைநீர் ஒழுகுவது, மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து மாதக்கணக்கில் ஈரம் கசிந்து பெயின்ட் உரிவது, சுவர் பூத்துப்போவது ஆகியவற்றுக்கு இல்லை. அவை ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த நிகழ்வல்ல, பராமரிப்புக் குறை என்பது கம்பெனியின் கட்சி. வாசகப்படி அதுதான் சரியும்கூட. கரையான், துரு, தேய்மானம் எல்லாம் இதே வரிசை.

நிலம் உள்வாங்குவதற்குக் காப்பு உண்டு என்றதும் சுவர் விரிசலுக்கெல்லாம் கேட்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. புது வீடு அமர்வதால் வரும் விரிசல், கொட்டி மேடாக்கிய மண் இறங்குவது, தரமற்ற கட்டுமானம், கடலரிப்பு, ஆற்றரிப்பு ஆகியவை விலக்கு. அகழ்வு வேலையும் விலக்கு. பக்கத்து மனையில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டி உங்கள் சுவர் பிளந்தால், பிடிக்க வேண்டியது அந்தக் கட்டுநரை, உங்கள் காப்பீட்டுக் கம்பெனியை அல்ல. அவர்கள் தோண்ட ஆரம்பிக்கும் முன்பே உங்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

பணம், காசோலை, பத்திரம், வாகனம், பதிக்காத கற்கள், தங்கக் கட்டி இவற்றுக்கும் அடிப்படையில் இடமில்லை. போர்ட்டிகோவில் நிறுத்திய கார் வெள்ளத்தில் மூழ்கினால் அது மோட்டார் பாலிசி விஷயம். தரைத்தளத்தில் கடையோ டியூஷன் சென்டரோ நடத்தினால், அந்தப் பகுதியை வீடு என்று எழுதி வாங்கக் கூடாது. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழில் இடங்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று தனிப் பாலிசி இருக்கிறது.

பேக்கேஜில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

பேக்கேஜ் என்பது அடிப்படைப் பாலிசியின் மேல் அடுக்கப்பட்ட பிரிவுகள். ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எழுதுவதால் வாசகத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாத பகுதி இதுதான். எல்லாப் பிரிவும் எல்லோருக்கும் தேவையும் இல்லை.

திருட்டுக் காப்பு பெரும்பாலோருக்கு வேண்டும். இதில் மூன்று வரிகளைத் தேடுங்கள். ஒன்று, 'பலவந்தமாக நுழைந்து' என்ற நிபந்தனை. பூட்டு உடைந்தோ ஜன்னல் கம்பி வளைந்தோ இருக்க வேண்டும். திறந்து கிடந்த கதவு வழியாக வந்து மொபைலை எடுத்துப் போனால் இந்தப் பிரிவு வேலை செய்யாது. சாதாரணத் திருட்டையும் சேர்த்து எழுதிய பாலிசிகள் தனியாக உண்டு. இரண்டு, வீட்டு வேலையாட்களோ குடும்பத்தாரோ சம்பந்தப்பட்டிருந்தால் என்ன என்பது. பல பாலிசிகளில் இது நேரடி விலக்கு. மூன்று, வீடு பூட்டிக் கிடக்கும் காலம். தொடர்ந்து 30 நாள் என்பது வழக்கமான வரம்பு; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிள்ளைகளோடு வெளிநாட்டில் 3 மாதம் இருந்துவிட்டு வரும் பெற்றோர் கிளம்பும் முன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

திருட்டுப் பிரிவில் 'முதல் இழப்பு' அடிப்படை என்று ஒன்று சொல்வார்கள். வீட்டில் 20 லட்சம் பெறும் சாமான் இருந்தாலும் ஒரே இரவில் எல்லாவற்றையும் தூக்கிப் போக முடியாது என்பதால், 5 லட்சத்துக்கு மட்டும் காப்பு எடுத்துக் குறைந்த பிரீமியம் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொத்தச் சாமானின் மதிப்பையும் சரியாகச் சொல்ல வேண்டும், குறைத்துச் சொன்னால் பழைய விகிதாசார வெட்டு இங்கே திரும்பி வரும்.

நகைக்கு இரண்டு வழி. பாரத் கிருஹ ரக்ஷாவிலேயே மதிப்புமிக்க பொருட்கள் என்ற விருப்பக் காப்பு உண்டு. மொத்தம் 5 லட்சத்துக்குள், தனிப்பொருள் 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்றுகூட வேண்டாம். இன்றைய தங்க விலைக்கு ஒரு லட்சம் என்பது ஒரு சின்னச் சங்கிலிக்கே போதாது என்பது வேறு விஷயம். பெரிய நகைகளுக்கு மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கியே ஆக வேண்டும். இந்தக் காப்பும் தீ, வெள்ளம் போன்ற அதே நிகழ்வுகளுக்குத்தான், அதுவும் வீட்டுக்குள் இருக்கும்போதுதான். பேக்கேஜில் வரும் 'ஆல் ரிஸ்க்' நகைப் பிரிவு வேறு: அணிந்து வெளியே போகும்போது பறித்தாலும், விசேஷத்துக்குக் கொண்டுபோன இடத்தில் திருடு போனாலும் வரும். பிரீமியமும் அதற்கேற்ப ஏறும்.

நகை பெரும்பாலும் லாக்கரில்தான் என்றால் ஆல் ரிஸ்க்கில் முழு மதிப்புக்கும் காப்பு எடுப்பது வீண். லாக்கரில் தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்குவரை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அது பொருந்தாது. 3,000 ரூபாய் வாடகைக்கு 3 லட்சம் என்று கணக்குப் போட்டு, மீதிக்கு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யலாம்; லாக்கரில் இருக்கும் நகைக்கும் பாலிசி பொருந்துமா என்று கம்பெனியிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு.

மின்சாதனப் பழுதுக் காப்பை விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. சாதனத்தின் வயதுக்கு வரம்பு, தேய்மானக் கழிவு, ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் சுமக்க வேண்டிய முதல் பகுதி என்று எல்லாம் போக, ஏழு வருட வாஷிங் மெஷினுக்குக் கைக்கு வருவது சொற்பம். வீட்டு மெயின் போர்டில், திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தி, எர்த்திங்கைச் சோதிப்பது நல்ல செலவு. புதிதாக நான்கு ஏசி போட்ட வீடு என்றால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பு இதற்கு நேர்மாறு. பிரீமியம் கொஞ்சம்தான், யாரும் கேட்பதில்லை, ஆனால் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு மிகவும் தேவை. பால்கனித் தொட்டி கீழே நிற்கும் கார் மீது விழுவது, உங்கள் வீட்டுக் குழாய் வெடித்துக் கீழ்வீட்டு மாடுலர் கிச்சன் ஊறிப்போவது, வேலைக்கு வரும் அம்மா வழுக்கி விழுந்து எலும்பு முறிவது போன்றவற்றுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய தொகையை இது ஏற்கும். எரிவாயு விபத்துக்கு மட்டும், நீங்கள் எதுவும் வாங்காமலேயே, எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், பதிவு செய்த முகவரியில் பொருட்சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். விபத்து நடந்த உடனே விநியோகஸ்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தொகையைக் கணக்கிடுவது

கட்டடத்துக்கு: கார்பெட் ஏரியாவை (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு), இன்று அதே தரத்தில் திரும்பக் கட்ட ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்குங்கள். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். அதோடு காம்பவுண்டு சுவர், சம்ப், சோலார் பேனல் போன்றவற்றைச் சேருங்கள். பத்திர விலையையோ வழிகாட்டி மதிப்பையோ சந்தை விலையையோ எடுத்துப் போடக் கூடாது, மூன்றிலும் நிலம் கலந்திருக்கிறது. பில்டர் சொல்லும், பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் ஏரியாவும் வேண்டாம். சதுர அடிச் செலவை உள்ளூர் மேஸ்திரியிடமோ சிவில் இன்ஜினீயரிடமோ கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் காட்டலாம்.

ஓராண்டா, பத்தாண்டா? பாரத் கிருஹ ரக்ஷாவை 10 ஆண்டுவரை எடுக்கலாம். நீண்ட கால பாலிசியில் கட்டடத்தின் காப்புத் தொகை ஆண்டுதோறும் தொடக்கத் தொகையில் 10 சதவீதம், கூடுதல் பிரீமியம் இல்லாமல் ஏறும். 25 லட்சம் என்றால் வருடத்துக்கு 2.5 லட்சம், அதிகபட்சம் இரட்டிப்புவரை. கட்டுமானச் செலவு ஏறும் வேகத்துக்கு இது நல்ல துணை. புதுப்பிக்க மறந்து, அந்த வருடம் பார்த்துப் புயல் வருவது என்ற வழக்கமான விபத்தும் தவிர்க்கப்படும். இடையில் அறை கூட்டியோ மாடி எழுப்பியோ கார்பெட் ஏரியா 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் மட்டும் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்டிய பகுதிக்குக் காப்பு இருக்காது.

யார் எதை எடுக்கலாம்?

கடன் இருக்கும் தனி வீட்டுக்காரர்: வங்கிப் பாலிசியின் அட்டவணையை (எதற்கு, எவ்வளவுக்குக் காப்பு என்று காட்டும் பக்கம்) முதலில் கேட்டு வாங்குங்கள். அது கட்டடக் காப்பாக இருந்து, தொகையும் கட்டுமானச் செலவுக்கு ஈடாக இருந்தால், இன்னொரு கட்டடப் பாலிசி வேண்டாம். ஒரே சேதத்துக்கு இரண்டு கம்பெனியிடமும் முழுத்தொகை வாங்க முடியாது. சாமான்களும் திருட்டும் மட்டும் தனியாக எடுத்தால் போதும். அது உயிர்க் காப்பாக மட்டும் இருந்தால் பாரத் கிருஹ ரக்ஷாவை இன்றே பார்க்கலாம்.

அடுக்குமாடியில் சங்கம் முழுக் கட்டடத்துக்கும் பாலிசி எடுத்திருந்தால், அதில் உங்கள் வீட்டின் உட்புறம் எதுவரை வருகிறது என்று செயலாளரிடம் கேளுங்கள். பில்டர் கொடுத்த நிலைவரைதான் என்றால், நீங்கள் பிறகு போட்ட மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங்குக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். சங்கம் எதுவும் எடுக்கவில்லை என்றால், தனித்தனியாக எல்லோரும் எடுத்தாலும் லிஃப்ட், படிக்கட்டு, பொதுத் தொட்டி அநாதையாகிவிடும். பொதுக்குழுவில் கிளப்ப வேண்டிய விஷயம் அது.

வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாமான்களுக்கும் திருட்டுக்கும் எடுத்தால் போதும். உரிமையாளரின் பாலிசி உங்கள் ஃபிரிட்ஜைக் காப்பாற்றாது.

கடலோரத்திலோ ஏரி வடிகால் பகுதியிலோ இருப்பவர்கள் எதை எடுத்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை அறிவித்த பிறகு புதுப் பாலிசி கொடுக்கக் கம்பெனிகள் தயங்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 நவம்பர் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளமும். காலண்டரைப் பார்த்தாலே தெரியும்.

பாலிசி கைக்கு வந்ததும் முகவரியைச் சரிபாருங்கள். ஏஜென்ட் ஆதாரிலிருக்கும் முகவரியை அப்படியே காப்பீடு செய்த இடமாகவும் போட்டுவிடுவதுண்டு. அப்போது காப்பீடு நீங்கள் பிறந்த ஊர் வீட்டுக்கு இருக்கும், சேதம் நகரத்து வீட்டில் நடக்கும். பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வீடு அப்பா பெயரில் இருக்க, பாலிசி பிள்ளை பெயரில் இருந்தால் கிளெய்மில் முதல் கேள்வியே அதுதான். உரிமையாளர் பெயரில் எடுங்கள். அவர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகள் பெயரில்.

சேதம் நடந்த அன்று

உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியானதும் மெயின் ஸ்விட்சை நிறுத்துங்கள். எதையும் தூக்கி எறியும் முன், கழுவும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். வெள்ளம் என்றால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய, பக்கத்தில் அளவு நாடா வைத்து ஒரு படம். நனைந்த ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்து போர்டு எரிந்தால், வெள்ளத்தில் போனதா ஷார்ட் சர்க்யூட்டில் போனதா என்ற வாதம் வரும். மேலே சொன்ன மின்சாதன விலக்கு அங்கே வந்து நிற்கும். மாடலும் சீரியல் நம்பரும் தெரிய ஸ்டிக்கரைப் படமெடுத்துவிட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் காரணத்தைக் குறிப்பிட்டு மதிப்பீடு வாங்குங்கள்.

கம்பெனியின் இலவச எண்ணில் தெரிவித்து, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொண்டு, மெயிலும் அனுப்புங்கள். கிளெய்ம் படிவத்தை, சேதத்தைக் கவனித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை வேண்டும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போதாது, எஃப்ஐஆர் வேண்டும். பொருள் கிடைக்காத பட்சத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் பின்னால் கேட்பார்கள். எஃப்ஐஆரில் எழுதாமல் விட்ட பொருளைக் கிளெய்மில் சேர்ப்பது கடினம் என்பதால், பட்டியலை நிதானமாக எழுதிக்கொண்டே போங்கள்.

சர்வேயர் வரும்வரை சேதமான பொருளை வைத்திருங்கள். நாற்றமெடுக்கும் மெத்தை, ஊறிய பிளைவுட் போன்றவற்றை வைத்திருக்க முடியாது என்றால், படமெடுத்து மெயிலில் தெரிவித்துவிட்டு அகற்றலாம். மேலும் சேதமாகாமல் தடுக்கும் அவசர வேலையை, உதாரணமாக உடைந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுவதை, தள்ளிப்போட வேண்டாம். அதைச் செய்வது உங்கள் கடமை என்றே பாலிசி சொல்கிறது. ரசீதை மட்டும் வையுங்கள். பில் இல்லாத சாமானுக்கு, கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் பக்கம், வீட்டு விசேஷப் படங்களில் பின்னால் தெரியும் டிவி என்று எது கிடைத்தாலும் கொடுக்கலாம்.

மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. அவர் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.